மெரினாவில் நம்மூர்க்காரர்கள்



நம்ம கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சென்னை போய் வருகிறவர்களிடம் "மெரினா பாத்தீகளா?" என்று கேட்டுப் பாருங்கள். "சமாதி பாத்தோம், கால் நனைச்சோம், சுண்டல் தின்னோம், வந்துட்டோம்" என்பார்கள். ரோட்டை ஒட்டி நீளமாக ஓடுகிற நடைபாதையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் மெரினா என்று ஒரு பெயர் வந்ததே அந்த உலாவும் பாதையால்தான்.

1881 முதல் 1886 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் கிராண்ட் டஃப். 1884இல் கடலோரமாக அந்தப் பாதையைப் போட்டார். பெயர் வைக்கும்போது அவருக்கு நினைவு வந்தது மத்தியதரைக் கடலில் இருக்கும் சிசிலித் தீவு. அதன் தலைநகர் பலெர்மோவில், 1582லேயே மார்க்கன்டோனியோ கொலோன்னா என்ற ஆளுநர் கோட்டை மதிலுக்கு வெளியே கடலை ஒட்டி ஒரு சாலை அமைத்திருந்தார். வெயில் தாழ்ந்ததும் ஊர்ப் பெரிய மனிதர்கள் குதிரை வண்டியில் அங்கே காற்று வாங்க வருவார்கள். அந்தக் கடலோரத்துக்குப் பெயர் மரினா. அதையே இங்கே சூட்டிவிட்டார் கவர்னர். பிற்பாடு ஒரு இத்தாலியத் தளபதி அவரோடு இங்கே நடந்து வந்தபோது, பலெர்மோவில் இருப்பது போலிருக்கிறதே என்று தானாகவே சொல்லிவிட்டாராம். கவர்னருக்குப் பெருமை தாங்கவில்லை, எழுதியே வைத்துவிட்டார்.

இரண்டு ஊரிலும் நடந்த இன்னொன்றுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. கடல் காற்றுக்காகப் பாதை போட்டார்கள், கடல் தள்ளிப் போய்விட்டது. பலெர்மோவில் இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த கட்டடங்களின் இடிபாட்டைக் கொண்டுபோய்க் கரையில் கொட்டினார்கள். கரை முன்னே நகர்ந்தது. சென்னையில் அந்த வேலையைத் துறைமுகம் செய்தது. நம் கிழக்குக் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1870களில் துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும், வந்த மணல் தெற்கே தேங்கிவிட்டது. கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு, புதைகிற காலை இழுத்து இழுத்து நாம் தாண்டுகிற அவ்வளவு மணலும் அப்படிச் சேர்ந்ததுதான். வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் போக வேண்டிய மணல் போகவில்லை. அங்கே கடல் கரையை அரித்தது, வீடுகள் போயின, கல்லைக் கொட்டித் தடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மெரினா அழகுக்கு விலை கொடுத்தவர்கள் வடசென்னை மீனவர்கள். இதைச் சொல்லாமல் மெரினாவைப் புகழக் கூடாது.

சரி, நடைபாதைக்கு வருவோம். 1968 ஜனவரியில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் நடந்தது. அப்போது இந்தச் சாலையோரம் வரிசையாகச் சிலைகள் வைத்தார்கள். வள்ளுவர், ஔவையார், கம்பர், இளங்கோ, கண்ணகி எல்லாம் உண்டு. ஆனால் நம் ஜனங்கள் நின்று பார்க்க வேண்டியது மூன்று பேரை. ஒருவர் பாரதி, எட்டயபுரம். இன்னொருவர் வ.உ.சி., ஒட்டப்பிடாரம், 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர், கடலைப் பார்க்க அவரைவிட உரிமை யாருக்கு? மூன்றாமவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி, நம்ம காமநாயக்கன்பட்டியில் குருவாக இருந்தவர். தேம்பாவணி எழுதியவர். இத்தாலிப் பெயர் கொண்ட கடற்கரையில் ஒரு இத்தாலிக்காரருக்கும் சிலை. அவரும் நம் கரிசலில் நடந்தவர். கவர்னர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

நாலாவதாகவும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றில், தன் கைக்காசைப் போட்டு அவருக்குச் சிலை எழுப்பியவர் நடிகர் சிவாஜி கணேசன். அவருடைய சிலையையும் 2006இல் இதே கடற்கரைச் சாலையில் வைத்தார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்காகி, 2017இல் அடையாற்றில் உள்ள மணிமண்டபத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஆகவே அவரைப் பார்க்க நினைப்பவர்கள் மெரினாவிலிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும்.