கருப்பட்டியைக் கட்டி அனுப்பும் முறை

(உழவர் பயிற்சி நாள் ஒன்றில் ஆற்றிய உரை)



தாமிரபரணிப் பாசனத்திற்கு நெல்லும் வாழையும் எப்படியோ, தேரிக்காட்டிற்கும் குளக்கரைக்கும் பனை அப்படி. பனையேறிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவதில் உள்ள பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சிய பிறகு செய்ய வேண்டிய வேலையைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

கைபேசியில் ஆர்டர் பெற்று, சென்னைக்கும் பெங்களூருக்கும் பார்சலில் கருப்பட்டி அனுப்பும் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. நடுவில் ஆள் இல்லாததால் கூடுதல் விலை கிடைக்கும். ஆனால் கட்டும் முறை தவறினால் அந்த லாபம் வழியிலேயே கரைந்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்து கொண்டேன். ஓர் ஐப்பசி மாதத்தில் என் சித்தப்பாவிற்குப் பத்துப் பார்சல்கள் கட்டிக் கொடுத்தேன். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று வெறும் ஓலைப் பெட்டியில் வைத்து, மேலே காகிதம் சுற்றினேன். நான்கு பார்சல்கள் கசிந்து போய்ச் சேர்ந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆயிற்று. சித்தப்பா கோபிக்கவில்லை. “படிச்ச பிள்ளை கட்டினதுன்னு மழைக்குத் தெரியுமாய்யா?” என்று மட்டும் கேட்டார்.

கசிவது ஏன்?

கருப்பட்டியில் உள்ள சர்க்கரைப் பொருள்கள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றில் ஈரம் மிகுதி. அப்போது கருப்பட்டி இளகிக் கசியும்; பூசணமும் பிடிக்கும். நம் பாட்டிமார் கருப்பட்டியை அடுப்படிப் பரணில் வைத்தது இதனால்தான். பார்சலுடன் பரணை அனுப்ப முடியாது. ஆகவே மூன்று உறைகள் தேவை.

மூன்று உறைகள்

முதலாவது உள் உறை. இது ஈரம் புகாத, உணவுத் தரமுள்ள பையாகவோ இறுக மூடும் டப்பாவாகவோ இருக்கலாம். கருப்பட்டி நன்கு ஆறிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். சூட்டோடு வைத்தால் ஆவி உள்ளேயே வியர்த்துக் கருப்பட்டியைக் கெடுக்கும். தமிழகத்தில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றிற்குத் தடை உள்ளதால், அனுமதி பெற்ற பைதானா என்று விசாரித்து வாங்குங்கள்.

இரண்டாவது ஓலைப் பெட்டி. மணப்பாட்டுப் பெண்கள் முடையும் பனையோலைப் பொருள்கள் பெயர் பெற்றவை. உங்கள் ஊரிலும் பெட்டி முடையத் தெரிந்த தாய்மார்கள் இருப்பார்கள். ஓலை நன்கு காய்ந்திருக்க வேண்டும். ஈர ஓலையில் பூசணம் வரும். கருப்பட்டி தீர்ந்த பிறகும் வீட்டுக்காரர்கள் பெட்டியை எறியமாட்டார்கள். அது அவர்கள் வீட்டில் இருக்கும்வரை உங்கள் பெயரும் இருக்கும்.

மூன்றாவது வெளியே நெளி அட்டைப் பெட்டி. இடைவெளியைக் கசக்கிய காகிதத்தால் நிரப்புங்கள். வைக்கோல் வேண்டாம், ஈரமும் பூச்சியும் அதனுடன் வரும். கட்டி முடித்ததும் இடுப்பு உயரத்திலிருந்து ஒரு மூலை தரையில் படும்படி போட்டுப் பாருங்கள். உள்ளே உடையாமலும் குலுங்காமலும் இருந்தால் அனுப்பலாம்.

பெட்டியின் அளவு

பல கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் கிலோவையும் பார்ப்பார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 30, 25, 20 சென்டிமீட்டர் பெட்டிக்கு 3 கிலோ கணக்காகும். உள்ளே ஒரு கிலோ கருப்பட்டி இருந்தாலும் 3 கிலோவிற்கே கூலி. 20, 15, 10 சென்டிமீட்டர் பெட்டிக்கு 0.6 கிலோதான் வரும். அப்போது உண்மை எடைக்குக் கொடுத்தால் போதும். எனவே பெட்டி முடையச் சொல்லும்போதே அளவு சொல்லுங்கள்.

லேபிள்

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. பதிவு எண், பொருளின் பெயர், சேர்ந்துள்ள பொருள்கள், நிகர எடை, தயாரித்த நாள், எந்த நாளுக்குள் பயன்படுத்தலாம் என்பது, எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, முகவரி, தொலைபேசி எண், சைவ உணவைக் குறிக்கும் பச்சைக் குறி ஆகியவை லேபிளில் வேண்டும். தமிழில் மட்டும் அச்சிட்டால் போதாது. ஆங்கிலம் அல்லது இந்தியிலும் இருக்க வேண்டும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த வட்டாரத்தில் காய்ச்சாத கருப்பட்டிக்கு அந்தப் பெயரைப் போடுவது குற்றம். உங்கள் ஊர்ப் பெயரையே போடுங்கள். சீனி சேர்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். சீனி கலந்த கருப்பட்டியைச் சுத்தக் கருப்பட்டி என்று சொல்லி விற்பதால்தான், உண்மையாகக் காய்ச்சுபவருக்கும் விலை கிடைக்காமல் போகிறது. ஓலைப் பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே உள்ள பொய்யை மறைக்காது.

முதலில் வெளியூரில் உள்ள உறவினர் ஐந்து பேருக்கு அனுப்பிப் பாருங்கள். எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பை, ஓலைப் பெட்டி, அட்டைப் பெட்டி, கூலி ஆகிய நான்கையும் கணக்கெழுதி, அதன்பின் விலை வையுங்கள். பனையில் ஏறி இறங்கிய பாட்டிற்கு உரிய பலன் உங்கள் கைக்கே வந்து சேரட்டும்.