வேறென்ன சாப்பிடுறீங்க?



அலோபதி பெரிதா, சித்தா பெரிதா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. மருத்துவரின் மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருக்கிற ஒரு மௌனத்தைப் பற்றிப் பேச வந்தேன். சர்க்கரைக்கு மாத்திரை எழுதி வாங்கிப் போகிறவர் வீட்டில் ஆவாரம்பூக் கஷாயமும் குடிக்கிறார். காமாலைக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வருகிறவர், கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்துவிட்டுத்தான் வருகிறார். மருத்துவர் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 1993-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு மாற்று சிகிச்சையை நாடியிருந்தார். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் அதைத் தம் மருத்துவரிடம் சொல்லவே இல்லை. தெரிந்த மருந்து கெடுதல் செய்தால் நிறுத்திவிடலாம், மறைத்த மருந்து கெடுதல் செய்தால் எங்கே போய்த் தேடுவது? இந்த மௌனத்தை உடைக்கும் பொறுப்பு முதலில் மருத்துவருடையது என்பதே என் கட்சி.

மூலிகைதானே, பக்க விளைவு என்ன வந்துவிடப் போகிறது என்பார்கள். 2000-ல் லான்செட் இதழில் இரண்டு நோயாளிகளைப் பற்றிய குறிப்பு வந்தது. இருவரும் மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்கள். மனச்சோர்வுக்கு நல்லது என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற ஐரோப்பிய மூலிகையைச் சாப்பிட்டார்கள். புதிய இதயத்தை உடல் தள்ளிவிடாமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை அது ரத்தத்தில் குறைத்துவிட்டது. உடல் அந்த இதயத்தை எதிர்க்கத் தொடங்கியது. பெல்ஜியத்தில் உடல் இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. அவர்கள் வாங்கிய சீன மூலிகைப் பொடியில் அரிஸ்டலோகியா இனச் செடி கலந்திருந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனம்தான். பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14-ல் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-ல் ஓர் ஆய்வு சொன்னது. இத்தனை ஆபத்துக்கும் மருத்துவரின் கையில் இருக்கிற முதல் சோதனைக் கருவி ஒரு கேள்விதான்.

"கேட்டால் அங்கீகரித்ததாக ஆகிவிடாதா?" என்று மருத்துவ நண்பர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்குக் கீழாநெல்லியே பதில் சொல்லும். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி என்ற காமாலைக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, அந்தக் கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள். மூலிகை உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இங்கே யார் மூலிகையை அவமதித்தார்கள்? மதித்ததால்தான் சோதித்தார்கள். சர்ப்பகந்தி அப்படிச் சோதனைக்கு நின்றுதான் ரத்தக் கொதிப்புக்கு மருந்தானது. இந்தக் கதை தெரிந்த மருத்துவர், கீழாநெல்லி என்று நோயாளி வாயெடுத்ததும் முகம் சுளிக்க மாட்டார். "காமாலையில் பல வகை உண்டு; சில வகை தானாகவே இறங்கும், அப்போது கடைசியாகக் குடித்த மருந்துக்குப் பேர் கிடைத்துவிடும். உங்களுக்கு வந்தது எந்த வகை என்று முதலில் பார்த்துவிடுவோம்" என்பார். மனிதரை மதித்ததாகவும் ஆயிற்று, உண்மையை விட்டுக்கொடுக்காததாகவும் ஆயிற்று.

"வாசல் வரை கூட்டம் நிற்கிறது, கதை கேட்க நேரம் ஏது?" என்பது அடுத்த தடை. நியாயமான தடைதான். ஆனால் சுவிட்சர்லாந்தில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேச விட்டுப் பார்த்தார்கள்; சராசரியாக 92 விநாடியில் பேசி முடித்துவிட்டார்கள். ஒன்றரை நிமிடம்! அந்த நேரமும் இல்லையென்றால் ஒரே கேள்வி போதும்: "இங்கிலீஷ் மருந்து தவிர கஷாயம், லேகியம், சூரணம், பஸ்பம்னு வேறென்ன சாப்பிடுறீங்க?" இதையே "கண்டதையும் தின்னுட்டு வந்தீங்களா?" என்று கேட்டால் பதில் வராது. நோயாளி ஏன் அங்கே போகிறார் என்பதையும் பாருங்கள். நாட்டு வைத்தியர் நாடி பிடித்துப் பத்தியம் சொல்கிறார். இன்னது சாப்பிடு, இன்னது தள்ளு என்று அவர் சொல்லும்போது, தன் உடம்பைச் சரிசெய்வதில் தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று நோயாளி உணர்கிறார். அலோபதி மருத்துவரோ "எல்லாம் சாப்பிடலாம்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார். வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு பகுதிகளில் அருகிருந்து மருந்து கொடுப்பவரையும் ஒன்றாக எண்ணினார். கஷாயம் காய்ச்சுபவரும் பெரும்பாலும் அவர்தான். அவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள்.

கேட்டதை மூன்றாகப் பிரிக்கலாம். தீங்கில்லாததை விட்டுவிடலாம். மருந்தோடு மோதுவதை நிறுத்தச் சொல்லலாம். சிகிச்சைக்குப் பதிலாகவே எடுத்துக்கொள்வதை மட்டும் மழுப்பாமல் மறுக்க வேண்டும். புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரை ஆராய்ந்த யேல் பல்கலைக்கழகத்தார், அவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு என்று 2018-ல் எழுதினார்கள். மார்பகப் புற்றில் அது ஐந்து மடங்கைத் தாண்டியது. இன்சுலினும் காசநோய் மாத்திரையும் வெறிநாய்க்கடி ஊசியும் பேரம் பேசும் இடங்கள் அல்ல. ஆனாலும் "அங்கே போனால் இங்கே வராதீர்கள்" என்ற சொல் மட்டும் வேண்டாம். போனவர் திரும்பி வரும் வழியை அது அடைத்துவிடும்.

"எப்போதும் எங்களையே சந்தேகிக்கிறீர்கள்" என்று சித்த மருத்துவர்கள் குறைபடுகிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. கேள்வி இரு பக்கமும் செல்ல வேண்டும், அவர்களும் "என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டுக் குறிக்க வேண்டும். நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு ஒரே வளாகத்தில்தான் இருக்கிறது. இரண்டு கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே சீட்டில் எழுதினால் பாதி ஆபத்து அங்கேயே தீரும்.

மருத்துவர்களே, நாளைக் காலை முதல் நோயாளியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவையோர்களே, அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த முறை போகும்போது மாத்திரை, பொடி, பாட்டில் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போய் அந்த மேசையில் கொட்டுங்கள்.