மூச்சுக்கு ஒரு பலகை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் புலவரல்லோம், புகைவண்டி நிலையத்தில் கணக்கெழுதும் எழுத்தர். மூச்சைப் பற்றிப் பேசப் புலமை வேண்டுவதில்லை என்னும் துணிவால் இம்மேடை ஏறினோம்.

சென்ற போகியன்று நம் தெருவில் பழம்பாயும் தேய்ந்த டயரும் எரிந்தன. பொழுது புலருமுன், நம் உறுப்பினர் ஒருவரின் ஏழு வயது மகள் இரைப்பு நோயால் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டாள். அத்தீயில் நாமும் ஒரு பாயை இட்டோம். அதனை மறைத்தல் முறையன்று.

புகையிலுள்ள நுண்துகள்கள் கண்ணுக்குப் புலப்படா. இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்டவை நுரையீரலின் ஆழம் வரை செல்வன. ஒரு கன மீட்டர் காற்றில் அவற்றின் நாட்சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது நம் நாட்டின் 2009ஆம் ஆண்டு வரையறை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த அளவோ 15 தான். 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் நம் சித்தூரும் இடம் பெற்றது. திருப்பதியிலும் அரசின் அளவீட்டு நிலையம் உண்டு. எனினும், தொலைவிலுள்ள நிலையம் நம் தெருமுனைப் புகையைச் சொல்லுமோ?

இதற்குக் கடலூர் வழி காட்டுகிறது. சிப்காட் ஆலைகளை அடுத்த சிற்றூர் மக்கள், 2004-இல் ஒரு வாளியினுள் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினர். நெடி வீசிய நாளையும் நேரத்தையும் குறித்து வைத்தனர். வெறும் முறையீடாய் இருந்தது சான்றாயிற்று.

நாமும் நுண்துகளை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்குவோம். ஆண்டு மலரின் விளம்பர வருவாயில் ஒரு பங்கு போதும். பனி ஈரத்தில் அது மிகையாகக் காட்டுமாதலின், முதலில் சில நாள் அரசு நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பின்னர், நிலையத்தில் வண்டி நேரம் எழுதுவதுபோல், காலை, மாலை, இரவு மூவேளையும் சங்க வாயிற் கரும்பலகையில் அளவை எழுதுவோம். தமிழில் மட்டுமன்று, தெலுங்கிலும் எழுதுவோம். அண்டை வீட்டார் மூச்சும் மூச்சன்றோ! அளவு மிகுந்த நாளில் நோயுற்ற பிள்ளைகளை வெளியே ஓடியாட விடாது, மருத்துவர் தந்த இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல் பெற்றோர் கடன்.

நம் கடன் வேறொன்றுண்டு. வரும் போகியன்று நம் தெருவில் டயரும் பாயும் எரியலாகா. பழையன கழிதல் வேண்டும். பச்சிளங் குழந்தையின் மூச்சு கழிதல் வேண்டா. அன்று கரும்பலகையில் எழுதப்படும் எண்ணே நம் சங்கத்தின் நற்சான்றாகுக!