பெயர் கடையில், கைப்பக்குவம் வீட்டில்!

(பட்டிமன்றத் தலைப்பு: நம் உணவு மரபைக் காப்பது வீடா, கடையா? ‘வீடே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)



தூத்துக்குடிக்கு வந்தவர் மக்ரூன் வாங்காமல் ரயில் ஏறுவாரா என்று எதிரணித் தலைவர் கேட்டார். ஏற மாட்டார். என் பையிலும் இரண்டு பாக்கெட் இருக்கிறது. (சிரிப்பு) முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. மூன்றும் சேர்ந்து பேக்கரி அடுப்பில் வேகிற பண்டம். அதைக் காத்தது கடைதான். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் தயாரிப்பாளர்களின் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயா, மக்ரூனைத் தின்று மத்தியானப் பசி ஆறுமா? பலகாரம் வேறு, சாப்பாடு வேறு. வழக்கு சாப்பாட்டைப் பற்றி!

நம்ம ஊர் மாசிக்கருவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டை மாதிரி ஆகிறவரை காயவைக்கிறோம். அதை இடித்து, தேங்காயும் வற்றலும் வெங்காயமும் சேர்த்தால் சம்பல். இப்போது ஜப்பானுக்குப் போவோம். அங்கே ‘காத்சுவோபுஷி’ என்று ஒன்று. அதுவும் சூரை இனத்து மீன்தான். வேகவைத்து, புகையூட்டி, காயவைத்தது. நாம் இடிக்கிறோம், அவர்கள் சீவுகிறார்கள். நம் மாசிக்கு அது அண்ணன் தம்பி முறை! அதைப் போட்டு இறக்குகிற ‘தாஷி’ என்ற சாறுதான் ஜப்பானியச் சமையலுக்கு உயிர்.

அந்த ஜப்பானியர் தங்கள் மரபு உணவுப் பண்பாட்டை ‘வாஷோக்கு’ என்கிறார்கள். 2013 டிசம்பரில் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எதிரணி நண்பர்களே, எதை முன்னிறுத்திச் சேர்த்தது தெரியுமா? உலகமெல்லாம் கிளை பரப்பிய சுஷிக் கடையையா? இல்லை. பதிவின் தலைப்பிலேயே புத்தாண்டுக் கொண்டாட்டத்தைச் சொல்கிறார்கள். குடும்பம் கூடுகிறது, அரிசியை இடித்து ‘மோச்சி’ செய்கிறது, அதைச் சாற்றில் போட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறது. கியோத்தோ வீட்டில் ஒரு பக்குவம், தோக்கியோ வீட்டில் இன்னொரு பக்குவம். நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு மீன்குழம்பு மாறுவதில்லையா, அப்படி!

கடை பெருகினால் மரபு பிழைக்கும் என்றால் ஜப்பானியருக்குக் கவலையே வந்திருக்கக் கூடாது. ஆனால் வந்தது. 1962-ல் அங்கே ஓர் ஆள் ஆண்டுக்குச் சுமார் 118 கிலோ அரிசி சாப்பிட்டார். இன்று அதில் பாதிகூட இல்லை. சுஷி ஊரெல்லாம் போயிற்று, வீட்டில் சோற்றுப்பானை இளைத்துப்போயிற்று!

சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடும் 2020-ல் அதே பட்டியலில் ஏறியதே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த அங்காடிகளை வாட்டுகிற கவலை என்ன? சமைக்கிறவருக்கு வயதாகிவிட்டது, பிள்ளை கற்றுக்கொள்ள வரவில்லை. கடைக்கும் வாரிசு வீட்டிலிருந்துதானே வரவேண்டும்?

இன்னொன்று சொல்கிறேன். மிளகாய் நம்முடையதா? இல்லை. போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த அதே போர்த்துக்கீசியர் 1543-ல் ஜப்பானில் இறங்கினார்கள். அங்கே ‘தெம்புரா’ பொரிக்கிற வழக்கமே அவர்களால் வந்தது என்கிறார்கள். வந்த சரக்கைச் சொந்தச் சரக்காக்கியது எது? மிளகாய் கப்பலில் வந்தது. அதைத் தமிழாக்கியது அம்மிக்கல்! (கைதட்டல்)

எதிரணியில் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டார். இந்த மேடையில் எழுந்த கேள்விகளில் கனமானது அதுதான். “வீடு காக்கிறது, வீடு காக்கிறது என்கிறீர்களே, வீடு என்றால் யார்? எங்கம்மாதானே? மரபு என்று சொல்லி அவளை அடுப்படியிலேயே கட்டிப்போடப் பார்க்கிறீர்களா?” என்றார்.

அம்மா, நீங்கள் கேட்டது முழுக்கச் சரி. ஒருத்தி மட்டும் வெந்து காக்கிற மரபு நிலைக்காது. அவள் கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். அதற்குத் தீர்வு அடுப்பை அணைப்பதா? இன்னும் இரண்டு கையைச் சேர்ப்பதா? கரையிலிருந்து தங்குகடலுக்குப் போகிறார்களே, படகில் குழம்பு வைப்பது யார்? ஆண்பிள்ளைதானே! நடுக்கடலில் அலைக்கு நடுவே குழம்பு வைக்கத் தெரிந்தவனுக்கு, கரையேறியதும் கை வராமல் போகுமா? மருமகளுக்குப் பரீட்சை வைக்கிற வீட்டில் மகனுக்கு மட்டும் எதற்கு விடுமுறை? வீடு என்றால் அப்பாவும்தான், பிள்ளையும்தான்.

கடைசியாக ஒன்று. இந்தக் கரையில் பெரிய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். சிப்பி குறைந்தது, குளிப்பும் நின்றது. ஆனால் சென்னைக்குப் போகிற ரயிலுக்குப் பெயர் என்ன? முத்துநகர் எக்ஸ்பிரஸ்! குளிப்பு நின்றது, பெயர் நிற்கிறது. நம் சாப்பாட்டுக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாது. ‘பாட்டி கைமணம்’ என்று கடையில் பலகை தொங்கும். அந்தக் கைமணம் எப்படியிருக்கும் என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்காது.

பலகையைக் கடை காக்கட்டும், பக்குவத்தை வீடு காக்கட்டும். மகளோடு மகனையும் அடுப்படிக்கு அழையுங்கள். வீடே காக்கிறது என்று தீர்ப்பளியுங்கள் நடுவர் அவர்களே.