அண்டா கழுவிய இரவு



முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடிவிட்டால், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளைக் கோடை முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எங்கே என்று கேட்டால், பத்துக் குரலில் எட்டு “கொடைக்கானல்” என்று சொல்லும்.

அந்த மலைக்கும் திருச்சபைக்கும் பழைய தொடர்பு உண்டு. மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிமார், நோய்க்குத் தங்கள் குடும்பத்தாரைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த காலம். உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள மலையேறியவர்கள், 1845இல் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். உயரம் ஏறக்குறைய ஏழாயிரம் அடி. மே மாதத்திலும் ராத்திரி கம்பளி தேடும்.

கூட்டிக்கொண்டு போகிறவருக்கு வேலை ஒரு மாதம் முன்னாலேயே தொடங்கிவிடும். பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். யாருக்கு வீசிங், யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகளோடு பொறுப்பான அக்காமார் வர வேண்டும். பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. இதில் தயவு தாட்சண்யம் கிடையாது. 2024 மே மாதத்திலிருந்து வண்டிக்கு இ-பாஸும் எடுக்க வேண்டியிருக்கிறது.

வத்தலக்குண்டு வரைக்கும் பஸ்ஸில் பாட்டும் கைத்தட்டலும்தான். மலை வளைவு ஆரம்பித்ததும் பாட்டு அடங்கி, எலுமிச்சம்பழம் கைமாறும். போய்ச் சேர்ந்ததும் செல்போன்களை எல்லாம் ஒரு தலையணை உறையில் போடச் சொல்வோம். முதல் நாள் சாயங்காலம் பாருங்கள், வெறும் சட்டைப் பையை எத்தனை தடவை தொட்டுப் பார்க்கிறார்கள் என்று!

காலையில் அமைதி வேளை, பிறகு வேதபாடம், மத்தியானம் விளையாட்டு. கடைசி ராத்திரி தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து பாட்டும் ஜெபமும் சாட்சியும். அந்த வெளிச்சத்தில் எல்லோர் கண்ணும் கலங்கும். ஆண்டவருக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கும்படி பிரசங்கியார் அழைப்புக் கொடுத்தால் கைகள் உயரும். ஒரு காலத்தில் அந்தக் கைகளை நான் எண்ணினேன். ஊருக்குத் திரும்பிக் கமிட்டியில் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

அந்த எண்ணிக்கையை நினைத்தால், இப்போது ஒரு பழைய கதைதான் ஞாபகத்துக்கு வருகிறது. 1868இல் ஜோசையா ஸ்பையர்ஸ் என்ற ஆங்கிலேயர், வேல்ஸ் நாட்டின் லாண்டுட்னோ கடற்கரையில், கடவுளின் அன்பைப் பற்றிய வாசகம் ஒன்றை மணலில் எழுதி, அதைச் சிப்பியும் கூழாங்கல்லும் கொண்டு அலங்கரிக்கப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஸ்கிரிப்சர் யூனியன் என்ற அமைப்பின் தொடக்ககாலக் கதை இது. மணலில் எழுதியதை அலை விட்டுவைக்குமா? ஆனால், பக்கத்தில் குனிந்து சிப்பி பதித்தவரைப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பக்கத்தில் குனிந்தவர்தான் மனசில் நிற்பார் என்பதை எனக்குப் புரியவைத்தவன், ஒரு வருஷம் முகாமுக்கு வந்த ஒரு பையன். பிளஸ் டூ எழுதிவிட்டு வந்திருந்தான். முகாம் முழுக்க வாயே திறக்கவில்லை. தீயைச் சுற்றி உட்கார்ந்தபோது கையும் உயர்த்தவில்லை. எல்லோரும் படுக்கப் போன பிறகு நான் சாம்பார் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் விரலைக் கடித்தது. அவன் வந்து தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு எதிரே குந்தினான். அடிப்பிடித்த பருப்பைச் சுரண்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “அண்ணே, கணக்குப் பரீட்சை சரியா எழுதல. எங்கப்பாட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல.”

புத்திமதி சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். “ரிசல்ட் வர்ற அன்னைக்கு நான் வீட்டுக்கு வாரேன்டே” என்றேன். அவ்வளவுதான். அண்டாவை ரெண்டு பேருமாகத் தூக்கிக் கவிழ்த்தோம்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. அவன் பயந்தபடியே ஆகியிருந்தது. அவர்கள் வீட்டுத் திண்ணையில் நான் நடுவில் இருந்தேன். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் மகன். வெகு நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அப்பாதான் கேட்டார், துணைத்தேர்வுக்கு எப்போது பணம் கட்ட வேண்டும் என்று. உள்ளேயிருந்து அவன் அம்மா மூன்று டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள்.

பஸ் மலையிறங்கிப் பல நாள் ஆகியிருந்தது. எனக்கு அந்த வருஷத்து முகாம் முடிந்தது அந்தத் திண்ணையில்தான்.