குளிர்சாதனத் துப்புரவுத் தொழில்: கைத்திறனுக்கு ஒரு சான்றிதழ்

 

நம் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் வேலை தேடிப் பட்டணம் செல்கின்றனர். ரப்பர் மரங்கள் நின்ற இடங்கள் பல செம்பனைக் காடாகிவிட்டன. வேறு சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. செல்லும் பிள்ளைகளைத் தடுப்பது நம் நோக்கமன்று. அவர்கள் வெறுங்கையுடன் செல்லலாகாது என்பதே நாம் இன்று வலியுறுத்த விரும்பும் கருத்து. எடுத்துக்காட்டாக ஒரு தொழிலைப் பற்றிப் பேசுவோம். அது வீடுகளிலுள்ள குளிர்சாதனங்களைத் துப்புரவு செய்து பழுது பார்க்கும் தொழிலாகும்.

“தூசி துடைப்பதற்கும் ஒரு படிப்பா?” எனச் சிலர் வினவலாம். பால்மரம் வெட்டுவதை அறியாதவரும், “பட்டையைச் சீவுவதில் என்ன வித்தை இருக்கிறது?” என்றுதான் கேட்பர். கத்தி ஓர் அளவுக்குமேல் ஆழ்ந்து மரத்தைத் தொட்டுவிட்டால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, அவ்விடத்தில் மீண்டும் வெட்ட இயலாமற் போகும் என்பதை நாம் அறிவோம். அந்த அளவறிந்து வெட்டுவதே தொழில். குளிர்சாதனத் துப்புரவும் அத்தகையதே.

வீட்டின் உள்ளே தொங்கும் பெட்டியில் வடிகட்டி, குளிர்ச் சுருள், விசிறி, நீர்த்தட்டு ஆகியவை உள்ளன. வெளியே உள்ள பெட்டியில் அமுக்கியும் வெப்பத்தை வெளியேற்றும் சுருளும் உள்ளன. வடிகட்டியில் தூசி அடைத்தால் காற்றோட்டம் குறையும். காற்றோட்டம் குறைந்தால் சுருளின் மீது பனிக்கட்டி படியும். நீர்க்குழாயில் அழுக்குச் சேர்ந்தால் தண்ணீர் சுவர் வழியே வடியும். இயந்திரம் நெடுநேரம் ஓடும், மின்கட்டணம் உயரும். வடிகட்டியை வீட்டுக்காரரே கழற்றிக் கழுவலாம். சுருளையும் விசிறியையும் கழுவுவது பயிற்சி பெற்றவர் செய்யவேண்டிய வேலை.

அவ்வேலையில் ஆபத்து உண்டு. விசையை நிறுத்திய பின்னரும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். அதனை முறையாக வெளியேற்றாமல் கை வைப்பவர் தாக்குண்ணலாம். சுருளைக் கழுவும் மருந்துகளிற் சில கண்ணையும் தோலையும் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் இன்றி அவற்றைத் தொடலாகாது. கழுவிய பின் மருந்து எஞ்சி நின்றால் உலோகமும் அரிபடும். புதிய இயந்திரங்கள் பலவற்றில் ஆர்-32 என்னும் வாயு உள்ளது. அது ஓரளவு தீப்பற்றக்கூடியது. பழைய இயந்திரங்களிலுள்ள ஆர்-22 வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987-ஆம் ஆண்டில் உருவான மொன்ட்ரியல் உடன்பாட்டில் நம் நாடு 1989-இல் சேர்ந்தது. ஆகவே வாயுவை வெளியே திறந்துவிடுவது பெருந்தவறாகும்.

இன்னொன்றையும் கூறவேண்டும். வாயு மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. எண்ணெய் எரிவதுபோல் செலவாவதன்று. அது குறைந்தால் எங்கோ கசிவு உள்ளது என்று பொருள். கசிவைத் தேடாமல், ஒவ்வொரு முறையும் வாயு நிரப்பிப் பணம் வாங்குபவர் தொழிலறியாதவர். அறிந்தே செய்தால் நேர்மையற்றவர்.

அயல்நாட்டு நிலையையும் நோக்குவோம். அமெரிக்க வீடுகளில் துணி உலர்த்தும் இயந்திரங்கள் மிகுதி. அவற்றின் காற்றுக்குழாயில் துணியின் நூற்பஞ்சு சேர்ந்து தீப்பிடிப்பதுண்டு. 2008 முதல் 2010 வரை ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,900 வீட்டுத் தீவிபத்துகள் இவ்வியந்திரங்களால் நேர்ந்தன என்றும், முறையாகத் துப்புரவு செய்யாமையே அவற்றிற்கு முதன்மைக் காரணம் என்றும் அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. அக்குழாயைத் துப்புரவு செய்வோருக்கென அங்குள்ள புகைபோக்கிப் பாதுகாப்புக் கழகம் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்குகிறது. துப்புரவுத் தொழிலும் கற்றுத் தேறவேண்டிய தொழிலே என்பதற்கு இது சான்று.

நம் நாட்டில் தொழில்திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் ஏற்பாடு 1971-இல் தொடங்கியது. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் அதற்கு உறுதியான அடித்தளம் இட்டது. மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை, ‘சிஜில் கெமாஹிரான் மலேசியா’ என்னும் சான்றிதழை 3 நிலைகளில் வழங்குகிறது. அதற்கு மேல் டிப்ளோமா நிலைகளும் உள்ளன.

இச்சான்றிதழை அடைய 3 வழிகள் உண்டு. முதலாவது, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சேர்ந்து பயில்வது. அரசாங்கத்தின் தொழிற்பயிற்சிக் கழகங்கள் பல மாநிலங்களில் உள்ளன. தகுதியுடைய பயிற்சியாளர் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தில் கடனுதவிக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாவது, வேலை செய்துகொண்டே பயில்வது. 2005-இல் தொடங்கிய இரட்டைப் பயிற்சி முறையில் பெரும்பகுதிப் பயிற்சி வேலையிடத்திலேயே நடைபெறும். எஞ்சியது வகுப்பில் நடைபெறும்.

மூன்றாவது வழி, நம் மக்கள் பலர் அறியாதது. அதனைச் சற்று விரித்துரைப்போம். பட்டணத்தில் ஒருவர் 10 ஆண்டுகள் குளிர்சாதனம் கழுவியிருப்பார். ஒலியைக் கேட்டே பழுது இன்னதென்று சொல்லுவார். ஆயினும் கையில் தாள் இல்லாமையால் அவர் இன்னும் ‘கையாள்’ எனவே அழைக்கப்படுகிறார். நேற்று வந்தவர் சான்றிதழைக் காட்டி அவருக்கு மேற்பார்வையாளர் ஆகிறார். இக்குறையை நீக்கவே முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை உள்ளது. அதில் மீண்டும் பள்ளிக்குச் செல்லத் தேவையில்லை. தாம் செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைத் தொகுத்து அளிக்கவேண்டும். மதிப்பீட்டாளர் அவற்றையும் அவரது திறனையும் ஆராய்வார்.

ஆகவே, இத்தொழிலில் உள்ளவர்கள் இன்றே ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். செய்த வேலை, நாள், இயந்திரத்தின் வகை ஆகியவற்றை எழுதி வையுங்கள். வேலையின் படங்கள், பற்றுச்சீட்டுகள், முதலாளியின் கடிதம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வேலை மாறிய பின் பழைய முதலாளியிடம் கடிதம் பெறுவது எளிதன்று.

எச்சரிக்கையாகச் சிலவற்றைக் கூறுவோம். சில நாள் வகுப்பு நடத்தி வண்ணத்தாளில் வருகைச் சான்றிதழ் தருவோரும் உளர். அத்தகைய தாள் திறன் சான்றிதழ் ஆகாது. பணம் கட்டுமுன், அந்நிலையம் அத்தொழிலுக்கும் அந்நிலைக்கும் அங்கீகாரம் பெற்றுள்ளதா எனத் திறன் மேம்பாட்டுத் துறையிடம் கேட்டறியுங்கள். மேலும், வீட்டு மின்கம்பி இணைக்கும் வேலைக்கு மின்சார ஆணையத்தின் தகுதிச் சான்று தனியே தேவை. துப்புரவு கற்றவர் அதில் கை வைக்கலாகாது.

“எங்கள் பிள்ளை படிப்பில் பின்தங்கிவிட்டான்” எனப் பெற்றோர் சோர்வுற வேண்டா. முதல் நிலைச் சான்றிதழுக்கு உயர்ந்த தேர்வு முடிவுகள் தேவையில்லை. மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கவும் எழுதவும் அறிந்திருத்தல் வேண்டும். நிலையங்களின் சேர்க்கை விதிகள் வேறுபடும். ஓரிடத்தில் இல்லை என்றால் மற்றோரிடத்தில் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இக்கதவு திறந்தே உள்ளது.

கருக்கலில் எழுந்து பிறர் மரத்தில் பால் வெட்டிய தலைமுறை நம்முடையது. அவ்வுழைப்பின் நுட்பத்தை எந்தத் தாளும் பதிவு செய்யவில்லை. நம் பிள்ளைகளின் நுட்பமாவது பதிவு பெறட்டும். வேலை மாறினாலும், ஊர் மாறினாலும், அத்தாள் அவர்களுடன் செல்லும். பள்ளி முடித்த பிள்ளை வீட்டில் இருப்பின், அருகிலுள்ள தொழிற்பயிற்சிக் கழகத்துக்கு இம்மாதமே அழைத்துச் செல்லுங்கள்.