வீடு எங்கே, ரயில் எங்கே?

(நகர ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்னை வளர்கிறது என்கிறார்கள். வளரட்டும். யார் முதுகின் மேல் வளர்கிறது என்றுதான் நாம் கேட்கிறோம்.

1970ல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டுவதுதான் பெரும்பாலும் வழக்கம். அந்த வீடுகளில் குறை உண்டு; ஆனால் வேலைக்கு நடந்தே போகலாம். 2000க்குப் பிறகு என்ன நடந்தது? கூவக் கரையிலும் கால்வாய்க் கரையிலும் வாழ்ந்தவர்களைச் சட்டி பானையோடு லாரியில் ஏற்றி, சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணகி நகரில் இறக்கினார்கள். பிறகு இன்னும் தள்ளி, பெரும்பாக்கம்.

மந்தைவெளியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஒரு பஸ் தவறினால் ஒரு வீட்டு வேலை போயிற்று. 2021 மே முதல் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல காரியம், வரவேற்கிறோம். காசு மிச்சமாயிற்று, வழியில் கழியும் பொழுது மிச்சமாகவில்லையே!

வேடிக்கையைக் கேளுங்கள். அதே பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாகத்தான் பறக்கும் ரயில் பாதை போட்டார்கள். 1997ல் மயிலாப்பூர், 2007ல் வேளச்சேரி. பொதுப் பணத்தில் பிரம்மாண்டமான நிலையங்கள். மாடிக் கூடங்கள் பல ஆண்டுகள் காலி. ரயில் வந்த கரையிலிருந்து ஜனங்களைக் கிளப்பினார்கள். ஜனங்கள் போன திசையில், பழைய மாமல்லபுரம் சாலையில், மெட்ரோ வேலை தொடங்கவே 20 ஆண்டு பிடித்தது.

ஏன் இப்படி? நிலத்துக்குத் திட்டம் போடுவது ஒரு இலாகா, பஸ் இன்னொன்று, ரயில் டில்லியின் கையில். இவற்றை இணைக்க 2010ல் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமச் சட்டம் வந்தது. அமலுக்கு வந்ததோ 2019ல்! 2023 டிசம்பர் 30ந் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். பாதை பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை.

இலாகாக்களின் மறதி மட்டுமல்ல இது. பாதை வரப் போகிறதென்றாலே பக்கத்து மனை விலை ஏறுகிறது. அந்த ஏற்றம் மனை வியாபாரியின் பைக்குப் போகிறது. வாடகைக்கு இருப்பவன் இன்னும் தள்ளிப் போகிறான்.

ஆகவே நாம் கோருவது இது: நிலையங்களை ஒட்டிய சர்க்கார் நிலத்தில் முதலில் உழைப்பாளிகளுக்கு வீடு கட்டு. மனை விலை ஏற்றத்தில் ஒரு பங்கை வசூலித்து அதற்குச் செலவிடு. பஸ்ஸும் பள்ளிக்கூடமும் வருமுன் ஒரு குடும்பத்தையும் கிளப்பாதே. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கும் வேலையை வரும் ஞாயிறன்றே துவக்குவோம்.